குழந்தைக்கு அடிக்கடி தலைவலியா? கடலூர், புதுச்சேரிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஐந்தரை வயது மகளின் தலைவலிக்காக ஜூலையிலிருந்து நவம்பர் வரை அலைந்தோம். குழந்தை மருத்துவர் இருவர், கண்ணாடிக் கடை, காது மூக்கு தொண்டை மருத்துவர், ஸ்கேன் மையம், கடைசியில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை. செலவு 11,000 ரூபாயைத் தாண்டியது. உண்மையில் பலன் தந்தது 20 ரூபாய்க்கு வாங்கிய கோடு போட்ட நோட்டு. போன இடமெல்லாம் வீண் என்று சொல்லமாட்டேன். எதற்கு அப்புறம் எது என்ற வரிசை தெரியாததால்தான் பணமும் நாளும் போயின. அந்த வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மருந்தையும் அளவையும் உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

1. ஆபத்து அறிகுறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

குழந்தைகளின் தலைவலியில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. ஆனால் சில அறிகுறிகள் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் கிளம்புங்கள். காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு, தலையில் அடிபட்ட பிறகு வாந்தி, ஒரு கையோ காலோ துவண்டுபோவது, பேச்சு குழறுவது, நடையில் தள்ளாட்டம், இதுவரை இல்லாத அளவில் திடீரென்று வெடித்த வலி: இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். இரவு நேரத்தில் 'புதுச்சேரிக்கே போய்விடலாமா' என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். அருகில் இருக்கும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கிருந்து மாற்ற வேண்டுமென்றால் அவர்களே மாற்றுவார்கள்.

ஓரிரு நாளில் காட்டியே ஆக வேண்டியவையும் உண்டு. வலி குழந்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறது. காலையில் எழுந்தவுடன் வாந்தி, அதுவும் அடுத்தடுத்த நாட்களில். இருமினாலோ முக்கினாலோ குனிந்தாலோ வலி கூடுகிறது. பின்மண்டையில் மட்டும் வலிக்கிறது. புதிதாக மாறுகண், அல்லது ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்கிறது. தலையை ஒருபக்கம் சாய்த்தே வைத்திருக்கிறது. வாரத்துக்கு வாரம் வலி கூடிக்கொண்டே போகிறது. குணம் மாறிவிட்டது, நேற்றுவரை எழுதிய எழுத்தை எழுத முடியவில்லை. மூன்று, நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அடிக்கடி தலைவலி என்றால் வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

இதில் எதுவும் இல்லையென்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை நாங்கள் பதற்றத்தில் செலவழித்தோம்.

2. சின்னக் குழந்தை 'தலை வலிக்கிறது' என்று சொல்லாது

எங்கள் மகள் முதலில் சொன்னது 'வயிறு வலிக்கிறது' என்றுதான். ஒரு மாதம் ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் மாலை அவளுக்குப் பிடித்த கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. அவளே எழுந்துபோய் டிவியை அணைத்தாள். பிறகு சமையலறையில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், ஈரம் காயாத தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கூப்பிட்டால் 'மெதுவா பேசும்மா' என்றாள். ஒருமுறை வாந்தி எடுத்தாள், தூங்கினாள். ஒன்றரை மணி நேரம் கழித்து எழுந்து தோசை கேட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் தலைவலியும் அப்படித்தான் வரும்.

நம் ஊர்ப் பெயரே இதில் நம்மை ஏமாற்றிவிடுகிறது. மைக்ரேனை ஒற்றைத் தலைவலி என்கிறோம். அதனால் 'இரண்டு பக்கமும் வலிக்கிறது என்கிறாளே, இது அதுவல்ல' என்று விட்டுவிடுகிறோம். சின்னக் குழந்தைகளுக்கு மைக்ரேன் பெரும்பாலும் நெற்றி முழுக்க, இரண்டு பக்கமும்தான் வலிக்கும். பெரியவர்களுக்கு நாள் கணக்கில் நீடிப்பது குழந்தைகளுக்கு இரண்டு மணி நேரத்திலேயே அடங்கிவிடலாம். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போவது, குமட்டல், முகம் வெளுப்பது, தூங்கி எழுந்தால் சரியாகிவிடுவது ஆகியவை அடையாளங்கள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இதே தொல்லை இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. சில குழந்தைகளுக்குத் தலைவலியே இல்லாமல் தொப்புளைச் சுற்றி வலியும் குமட்டலுமாக வந்து போகும்; அதுவும் மைக்ரேன் வகையைச் சேர்ந்ததுதான்.

இன்னொரு வகை, தலையைச் சுற்றி அழுத்துவதுபோல மந்தமாக வலிப்பது. அதில் வாந்தி இருக்காது, விளையாட்டும் நிற்காது. இரண்டும் ஒரே குழந்தைக்கு வரலாம்.

'பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறாள்' என்று வீட்டில் ஒருவராவது சொல்வார்கள். பிடித்த கார்ட்டூனைத் தானே அணைக்கும் குழந்தை நடிக்கவில்லை.

3. நோட்டு போடுங்கள்

மருத்துவர் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்பவை இவைதான்: மாதத்துக்கு எத்தனை முறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, என்ன கொடுத்தால் நிற்கிறது. முதல்முறை ஜிப்மர் போனபோது ஒவ்வொன்றுக்கும் நானும் கணவரும் வெவ்வேறு பதில் சொன்னோம். 'தினமும் வருகிறது' என்றேன் நான். 'வாரத்துக்கு ஒருமுறை' என்றார் அவர். அந்த மருத்துவர் சிரிக்காமல், 'நான்கு வாரம் எழுதிக்கொண்டு வாருங்கள்' என்று அனுப்பினார். அதை ஜூலையிலேயே செய்திருக்கலாம்.

வலி வந்த நாளில் மட்டும் எழுதினால் போதாது, வராத நாளையும் எழுதுங்கள். ஒரு நாளுக்கு ஒரு வரி: எழுந்த நேரம், தூங்கிய நேரம், காலையில் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு தண்ணீர், வெயிலில் எவ்வளவு நேரம், டிவியும் போனும் எவ்வளவு நேரம். வலி வந்தால் தொடங்கிய மணி, முடிந்த மணி, வாந்தி உண்டா, விளையாட்டை நிறுத்தினாளா, எந்த மருந்து எத்தனை மில்லி. வலியின் அளவைக் குழந்தையிடம் எண்ணாகக் கேட்காதீர்கள். சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம் என்று மூன்று வரைந்து வைத்தால் அதுவே விரலால் தொட்டுக் காட்டும்.

எங்கள் நோட்டில் நான்கு வாரத்தில் 9 முறை. அதில் 7 பள்ளி நாட்களில், மதியம் மூன்று மணிக்குமேல். ஆயுத பூஜை விடுமுறையில் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் என்ற கட்டத்தை நிரப்புவதற்காகப் பையிலிருந்து பாட்டிலை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: காலையில் நிரப்பிக் கொடுத்த அரை லிட்டரும் அப்படியே திரும்பி வந்திருந்தது. மறுநாளும் அப்படித்தான். அதட்டாமல் கேட்டபோது சொன்னாள்: 'தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும். அங்க கதவு சாத்தாது.'

4. குழந்தை மருத்துவரிடம் போகும்போது

எடுத்துப்போக வேண்டியவை: நோட்டு, தடுப்பூசி அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள் அனைத்தும், இதுவரை கொடுத்த சிரப் பாட்டில்கள் (பெயரைச் சொல்வதைவிடப் பாட்டிலைக் காட்டுவது நல்லது), பழைய இரத்தப் பரிசோதனை இருந்தால் அதுவும். வலி வந்த நேரத்தில் குழந்தை எப்படி இருந்தது என்று போனில் அரை நிமிடக் காணொளி எடுத்து வைத்திருந்தால் மிகவும் உதவும்.

கூட்டம் மிகுந்த மாலை நேரத்தில் போகாதீர்கள். தலைவலி என்றால் மருத்துவர் நிதானமாகப் பார்க்க வேண்டும்: எடை, உயரம், நடை, கைகால் பலம், கண் அசைவு, கண்ணின் பின்புறம், காது, பல். குழந்தைக்குரிய சிறிய பட்டையால் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். குழந்தைக்கு ஏது இரத்த அழுத்தம் என்று நாமும் கேட்பதில்லை, பலர் பார்ப்பதும் இல்லை. 'ஒருமுறை பார்த்துவிடுங்கள் டாக்டர்' என்று நீங்களே கேளுங்கள். எங்களுக்கு ஒருமுறை பார்க்க 300 முதல் 400 ரூபாய் வரை ஆனது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது: 'சைனஸ்'. நெற்றியைத் தொட்டுக் காட்டினாலே சைனஸ் என்று முடிவுகட்டி, எக்ஸ்ரே எடுத்து, எங்களுக்கு இரண்டு சுற்று ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். நெற்றிச் சைனஸ் அந்த வயதில் இன்னும் சரியாக உருவாகியே இருக்காது. சளி, காய்ச்சல், மூக்கடைப்பு எதுவும் இல்லாமல் வந்து வந்து போகும் தலைவலியைச் சைனஸ் என்று யாராவது சொன்னால் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.

5. கண் பரிசோதனை: கண்ணாடிக் கடையில் வேண்டாம்

எல்லோரும் முதலில் சொல்வது 'கண்ணைக் காட்டு'. காட்டத்தான் வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் வந்துபோகும் தலைவலிக்குப் பார்வைக் குறைபாடு காரணமாக இருப்பது நாம் நினைக்கும் அளவுக்கு அடிக்கடி இல்லை. நாங்கள் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்து 1,800 ரூபாய்க்குக் கண்ணாடி வாங்கினோம். பிறகு முறையாகப் பார்த்தபோது அது தேவையே இல்லை என்றார்கள்.

காரணம் எளிது. குழந்தையின் கண் தானாகவே இழுத்துப் பிடித்துப் பார்வையைச் சரிசெய்துகொள்ளும். அதைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்த பிறகு பார்த்தால்தான் சரியான பவர் தெரியும். அதே நேரத்தில் விழித்திரையையும் பார்வை நரம்பையும் மருத்துவர் பார்த்துவிடுவார். மூளைக்குள் அழுத்தம் கூடியிருந்தால் அந்த நரம்பில் வீக்கம் தெரியலாம். அதனால் கண் மருத்துவரிடம் 'தலைவலிக்காக வந்திருக்கிறோம், நரம்பையும் பாருங்கள்' என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையிலேயே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு, கட்டணப் பிரிவு, இலவசப் பிரிவு எல்லாம் உண்டு. புதுச்சேரி பஸ்ஸில் ஏறும்போதே நடத்துனரிடம் சொல்லிவிட்டால் இறக்கிவிடுவார். அரை நாளாவது ஆகும். சொட்டு மருந்துக்குப் பிறகு சில மணி நேரம், சில மருந்துக்குச் சில நாட்கள்கூட, கிட்டத்தில் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். தேர்வுக்கு முதல் நாள் போகாதீர்கள். தொப்பி ஒன்று எடுத்துப்போங்கள்.

6. ஸ்கேன்: கேட்டு வாங்காதீர்கள்

ஸ்கேன் எடுத்துவிட்டால் மனம் நிம்மதியாகிவிடும் என்று நானும் நினைத்தேன். 2,500 ரூபாய் கொடுத்து சி.டி. எடுத்தோம். ஒன்றும் இல்லை. ஒரு வாரம் நிம்மதி, அடுத்த திங்கட்கிழமை அதே தலைவலி. பிறகுதான் தெரிந்தது: உடல் பரிசோதனையில் எந்தக் குறையும் இல்லாமல், மேலே சொன்ன ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாமல், வந்து வந்து போகும் தலைவலிக்கு ஸ்கேன் பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

சி.டி. சில நிமிடத்தில் முடியும், ஆனால் அதில் கதிர்வீச்சு இருக்கிறது. எம்.ஆர்.ஐ.-யில் கதிர்வீச்சு இல்லை, படமும் தெளிவு. ஆனால் அரை மணி நேரத்துக்குமேல் அசையாமல் படுக்க வேண்டும், சத்தமும் அதிகம். ஐந்து வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுப்பார்கள், அதற்குப் பல மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். மருத்துவர் ஸ்கேன் எழுதினால் 'எதைத் தேடுகிறோம்? சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா, ஏன்?' என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. எடுத்தால் அறிக்கையோடு நில்லாமல் ஃபிலிமையும் படம் பதிந்த குறுந்தகட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் மறுபடியும் எடுக்கச் சொல்வார்கள்.

தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், அந்த மருத்துவமனையில் அந்தப் பரிசோதனைக்கு அது செல்லுமா என்று காப்பீட்டுக் கவுண்ட்டரில் முன்கூட்டியே கேளுங்கள். மாநில எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குப் போகும்போது இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றுக்குச் சில நாட்கள் பிடிக்கும்; தேவை வரும்வரை காத்திராமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

7. மருந்து: பாட்டிலில் உள்ள எண்ணைப் படியுங்கள்

வலி தொடங்கியவுடன் பாராசிட்டமால் கொடுத்தால் கேட்கும். முற்றிய பிறகு கொடுத்தால் வாந்தியோடு வெளியே வந்துவிடும். அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து: ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம்.

பெரிய பொறி இங்கேதான். கடையில் ஒரே பெயரில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் என்று இரண்டு சிரப் கிடைக்கின்றன. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். எங்கள் மகளின் எடை 18 கிலோ. 250 சிரப் என்றால் 5 மில்லி போதும், 125 என்றால் 10 மில்லி வேண்டும். நாங்கள் இரண்டு மாதம் 125 சிரப்பை 5 மில்லி கொடுத்துவிட்டு 'மருந்தே கேட்கவில்லை' என்று புலம்பினோம். தவறு மறுபக்கமாக நடந்தால் கல்லீரலுக்கு ஆபத்து. வீட்டு ஸ்பூன் வேண்டாம். பாட்டிலோடு வரும் மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோ பயன்படுத்துங்கள். இரண்டு வேளைக்கு இடையே குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்குமேல் கூடாது.

இபுப்ரோஃபென் என்ற இன்னொரு வலி மருந்து மைக்ரேனுக்கு நன்றாகக் கேட்கும் என்பார்கள், ஆனால் மருத்துவர் சொன்ன பிறகு, வயிற்றில் ஏதாவது போட்ட பிறகு. காய்ச்சலோடு தலைவலி என்றால் அதைத் தொடவே வேண்டாம். மழைக்காலத்தில் நம் பக்கம் டெங்கு வரும், அதில் இரத்தக் கசிவை அது கூட்டிவிடும். இரண்டு மருந்தும் கலந்த சிரப்பும் கடையில் உண்டு, லேபிளைப் பாருங்கள். ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடாது. நிமசுலைட் என்ற வலி, காய்ச்சல் மருந்து 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2011-இலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பழைய சீட்டிலோ அலமாரியிலோ கிடந்தால் தூக்கிப் போடுங்கள்.

எந்த வலி மருந்தானாலும் வாரத்துக்கு இரண்டு நாளுக்குமேல் தேவைப்படுகிறது என்றால் மருத்துவரிடம் போங்கள். அடிக்கடி கொடுக்கும் மருந்தே புதுத் தலைவலியைக் கிளப்பிவிடும். வலி வராமல் தடுக்கும் தினசரி மருந்துகளும் இருக்கின்றன. அவற்றை மருத்துவர்தான் தொடங்க வேண்டும், பக்கத்து வீட்டுக் குழந்தையின் சீட்டு உதவாது.

பாட்டி வைத்தியத்தில் குளிர்ந்த ஈரத்துணியும் இருட்டு அறையும் நிச்சயம் உதவின. சுக்குப் பற்று மகளின் நெற்றியைச் சிவக்க வைத்தது. கற்பூரம் கலந்த தைலம், கற்பூரக் கட்டி எல்லாம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும், விழுங்கினால் வலிப்பு வரும். திருஷ்டி சுற்றிப்போடுவதை நான் தடுக்கவில்லை. மிளகாயை அடுப்பில் போடுவதை மட்டும் மாமியாரிடம் கெஞ்சி நிறுத்தினேன், அந்த நெடியில் எனக்கே தலைவலி வந்தது.

8. ஜிப்மர் போகும் நாள்

பரிந்துரைக் கடிதம் இருந்தால் நல்லது. உங்கள் குழந்தை மருத்துவரிடம் அரைப் பக்கம் எழுதி வாங்குங்கள். குழந்தையின் ஆதார் (இல்லாவிட்டால் பிறப்புச் சான்று), உங்கள் ஆதார், பழைய சீட்டுகள், ஃபிலிம், நோட்டு, எல்லாவற்றுக்கும் ஒரு நகல். பதிவின்போது கைபேசி எண் கேட்பார்கள், அந்தப் போன் கையில் இருக்க வேண்டும்.

புறநோயாளிப் பதிவு காலையில்தான். கடலூர் பேருந்து நிலையத்தில் ஆறு மணிக்குமுன் பஸ் பிடித்தால்தான் சரியாக வரும். புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கி, ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டுக்கு வேறு பஸ் அல்லது ஆட்டோ. ஞாயிறு கிடையாது. மத்திய அரசு விடுமுறைகளிலும் கிடையாது. இது மத்திய அரசு நிறுவனம், நம் காலண்டரில் சிவப்பாக இல்லாத நாளிலும் அங்கே விடுமுறை இருக்கலாம். ஒருமுறை பூட்டிய கவுண்ட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். முதலில் குழந்தைகள் பிரிவு. நரம்பியல் தேவையென்றால் அவர்களே அனுப்புவார்கள், அதற்கு வேறு நாள் தருவார்கள். முழுநாள் விடுப்புப் போட்டுவிடுங்கள்.

சாப்பாடு, தண்ணீர், குட்டித் தலையணை எடுத்துப்போங்கள். வரிசையில் பசியோடு நின்றால் அங்கேயே தலைவலி வரும். எங்களுக்கு வந்தது.

9. வீட்டிலும் பள்ளியிலும் மாற்ற வேண்டியவை

காலை உணவைத் தவிர்க்கக் கூடாது. வேன் ஏழரைக்கு வருகிறது என்று பாதி இட்லியோடு ஏற்றிவிடுவதுதான் பல வீடுகளின் கதை, எங்கள் வீட்டின் கதையும். அரை மணி நேரம் முன்னதாக எழுப்ப வேண்டுமென்றால் அரை மணி நேரம் முன்னதாகத் தூங்கவைக்க வேண்டும். 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரமும், 6 வயதுக்குமேல் 9 முதல் 12 மணி நேரமும் தேவை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூங்கவிடுவதும் வலியைக் கிளப்பும். விடுமுறையிலும் ஏறக்குறைய அதே நேரம் இருக்கட்டும். தண்ணீர் நாளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல், வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாக.

பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுங்கள், மருத்துவரின் சீட்டு நகலோடு. நான் எழுதியவை நான்குதான்: கேட்கும்போது தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் அனுமதிக்க வேண்டும், வெயிலில் நடக்கும் பிரார்த்தனையில் நிழலில் நிற்கவிட வேண்டும், தலைவலி என்றால் அரை மணி நேரம் படுக்கவைத்துவிட்டு எங்களை அழைக்க வேண்டும், எங்களைக் கேட்காமல் மாத்திரை கொடுக்கக் கூடாது. கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பற்றித் தனியாக நேரில் போய்ச் சொன்னேன். புகாராகச் சொல்லாமல், 'ஆயா ஒருவர் வெளியே நின்றால் போதும்' என்று கேட்டேன். நின்றார்.

நவம்பர் நோட்டில் 3 முறை. டிசம்பரில் 2, அதில் ஒன்று கல்யாண வீட்டில் நள்ளிரவுவரை விழித்திருந்ததால். தலைவலி முழுக்கப் போய்விடவில்லை. என்னிடமிருந்து வந்தது அவ்வளவு எளிதில் போகாது. ஜூனில் பள்ளி திறக்கும் வாரம்தான் மறுபடி கூடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதனால் மே கடைசியிலேயே தூங்கும் நேரத்தை முன்னுக்கு இழுக்கத் தொடங்கினோம். பாட்டிலில் இப்போது பேனாவால் மூன்று கோடு போட்டிருக்கிறேன்: முதல் மணி, மதியச் சாப்பாடு, வேன் ஏறும்முன். நேற்று இரண்டாவது கோட்டுக்குக் கீழே இறங்கி வந்திருந்தது.